பக்கத்து வீட்டுக்காரர் காரில் திருடுகிறான், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது. சுடலாமா?

கேள்வி கேட்டவர் ஹூஸ்டன் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறார். போன மாதம்தான் கைத்துப்பாக்கி வாங்கி லைசென்ஸும் எடுத்திருக்கிறார். ராத்திரி 2 மணிக்கு ஏதோ ரம்பச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கு அடியில் ஒருவன் படுத்துக்கொண்டு, புகையைச் சுத்தம் செய்யும் பாகமான கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை அறுத்துக்கொண்டிருந்தானாம். இவர் சத்தம் போட்டதும் ஓடிவிட்டான். "டெக்சஸில் ராத்திரித் திருட்டுக்குச் சுடலாம் என்று சட்டமே சொல்கிறதாமே, அடுத்த முறை இறங்கிப்போய்ச் சுட்டால் என்ன?" என்று கேட்கிறார்.

சுடாதீர்கள். துப்பாக்கியோடு கீழே இறங்கவும் இறங்காதீர்கள். பதில் அவ்வளவுதான், ஏன் என்பதுதான் நீளம்.

நான் வக்கீல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 20 வருடத்துக்கு மேலாக டெக்சஸில் இருக்கிறேன். எனக்கும் லைசென்ஸ் உண்டு. சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். துப்பாக்கியே ஆகாது என்கிற கட்சி இல்லை. அதனால் இதை ஏதோ அகிம்சைப் பிரசங்கம் என்று தள்ளிவிட வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 9.42ஆம் பிரிவு, பொருளைக் காப்பாற்ற உயிர்போகும் அளவுக்கு பலத்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. எந்தெந்தக் குற்றத்துக்கு என்கிற பட்டியலில் தீ வைப்பு, வீடு புகுந்து திருடுவது, வழிப்பறி எல்லாம் இருக்கின்றன. கூடவே "இரவில் நடக்கும் திருட்டு" என்றும் இருக்கிறது. அடுத்த பிரிவான 9.43, அடுத்தவர் பொருளுக்கும் இதை நீட்டுகிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் இவ்வளவு தூரம் போவதில்லை. வெறும் பொருளுக்காக உயிரை எடுக்கக் கூடாது என்பதுதான் மற்ற இடங்களில் பொது விதி.

ஆனால் 9.42 முழுவதையும் வாசிப்பவர்கள் குறைவு. சுடுவது அந்த நொடியில் அவசியம் என்று நீங்கள் நியாயமாக நம்பியிருக்க வேண்டும். அதுமட்டும் போதாது. அந்தப் பொருளை வேறு எந்த வழியிலும் காப்பாற்றவோ மீட்கவோ முடியாது என்று நம்பியிருக்க வேண்டும்; அல்லது, சுடாமல் வேறு விதமாகத் தடுக்கப் போனால் யாராவது சாகவோ படுகாயப்படவோ வாய்ப்பு அதிகம் என்று நம்பியிருக்க வேண்டும். இதில் "நியாயமாக" என்ற சொல்தான் எல்லாம். அது நியாயமா இல்லையா என்று சொல்லப்போவது நீங்கள் இல்லை. முதலில் போலீஸ், பிறகு மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம், பிறகு 12 பேர் உட்காரும் கிராண்ட் ஜூரி. அதில் 9 பேர் கை தூக்கினால் உங்கள் மேல் வழக்கு. அதற்கப்புறம், விசாரணையில் தீர்ப்புச் சொல்ல இன்னொரு 12 பேர். உங்கள் பால்கனியில் இருந்து உங்களுக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று இவர்கள் எல்லோரும் ஏசி அறையில் உட்கார்ந்து நிதானமாக அலசுவார்கள்.

சரி, ஜூரியும் விட்டுவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். டெக்சஸில் அது நடக்காத விஷயமும் இல்லை. அப்படி நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

2007 நவம்பர் 14. ஹூஸ்டனை ஒட்டியிருக்கும் பசடீனா. 61 வயது ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர், பட்டப்பகலில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்து இரண்டு பேர் உள்ளே போவதைப் பார்த்து அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிடுகிறார். அந்த உரையாடல் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. என்னிடம் ஷாட்கன் இருக்கிறது, வெளியே போகட்டுமா என்று கேட்கிறார். எதிர்முனையில் இருப்பவர் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருங்கள், போலீஸ் வந்துகொண்டிருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். எந்தப் பொருளும் ஒருத்தரைச் சுடுகிற அளவுக்குப் பெரிதில்லை என்றும் சொல்லிப் பார்க்கிறார். இவரோ செப்டம்பர் 1 முதல் சட்டம் மாறிவிட்டது, உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும் என்கிறார். வெளியே போகிறார். "அசைந்தால் செத்தாய்" என்கிற குரலும் வெடிச்சத்தமும் பதிவில் கேட்கின்றன. இரண்டு பேரும் செத்தார்கள்.

அவர் சொன்ன செப்டம்பர் 1 மாற்றம், உங்கள் வீட்டிலோ காரிலோ ஒருவன் பலவந்தமாக நுழைந்தால் பின்வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது. தற்காப்பு பற்றியது. பக்கத்து வீட்டுப் பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உயிரோடு விளையாடும் அந்த நிமிடத்தில் அவர் கையில் இருந்த சட்ட ஞானம் அவ்வளவுதான். அரைகுறையாகக் காதில் விழுந்த சேதி. உங்கள் கேள்வியிலும் அந்த "ஆமே" இருக்கிறது, கவனியுங்கள்.

இந்தச் சம்பவத்தில் என்னால் மறக்க முடியாத பகுதி வேறு. போலீஸ் வந்துகொண்டிருக்கிறது என்று 911-இல் சொன்னார்களே, அது வெறும் சமாதானம் இல்லை. சுடும்போது சாதாரண உடையில் ஒரு துப்பறியும் அதிகாரி அங்கே வந்து நின்றுவிட்டார். போலீஸ் கார் போலத் தெரியாத காரில். நடந்ததைக் கண்ணால் பார்த்தார். காரை விட்டு இறங்கவில்லை, உள்ளேயே குனிந்துகொண்டார். தன்னையும் திருடர்களுக்கு வண்டி ஓட்ட வந்தவன் என்று நினைத்து அந்த மனிதர் சுட்டுவிடுவாரோ என்ற பயம். உதவிக்கு வந்த போலீஸ்காரரே உதவி செய்கிறவருக்குப் பயந்து சீட்டுக்கு அடியில் பதுங்க வேண்டிய நிலை.

2008 ஜூன் கடைசியில் கிராண்ட் ஜூரி அவர்மேல் வழக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. அதற்கு முந்தைய மாதங்களில் அவர் வீட்டுத் தெருவில் கண்டன ஊர்வலம், எதிர் ஊர்வலம், டிவி வண்டிகள். ஒரு பை நிறையப் பணமும் நகையும் பத்திரமாகத் திரும்பக் கிடைத்தன, உண்மைதான். அவை அவருடையவையும் இல்லை.

வழிப்போக்கர் சுடுவதில் எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் இதில்தான் தொடங்குகிறது. அந்த இடத்தில் இருக்கும் எல்லோரிலும் மிகக் குறைவாக விஷயம் தெரிந்தவர் அவர்தான். திருடனுக்குத் தான் யார் என்று தெரியும். சொந்தக்காரருக்குத் தன் வண்டி, தன் சாமான் எது என்று தெரியும். வேடிக்கை பார்க்கிறவருக்குத் தெரிவது கடைசிப் பத்து வினாடி.

என் கதையையே சொல்கிறேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது நானும் அபார்ட்மெண்டில்தான் இருந்தேன். ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். லைட் போடாமல் ஒரு ட்ரக் பின்பக்கமாக வந்து நின்றது. ஒருவன் குதித்து இறங்கி, கீழ்வீட்டு ஆந்திராக்காரரின் காருக்கு முன்சக்கரத்தில் எதையோ மாட்டினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கார் மூக்கைத் தூக்கிக்கொண்டது. தலையில் குல்லா, முகம் தெரியவில்லை. திருடன் என்று என் மூளை முடிவே கட்டிவிட்டது. படுக்கையறை அலமாரிக்குப் போய் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குத் திரும்பினேன். அதற்குள் கீழ்வீட்டுக்காரரே லுங்கியோடு வெளியே ஓடிவந்து கத்திக்கொண்டிருந்தார். விஷயம் என்னவென்றால், அபார்ட்மெண்ட் கொடுக்கும் பார்க்கிங் ஸ்டிக்கரைப் புதுப்பிக்க அவர் மறந்துவிட்டார். வந்தவன், விதிமீறி நிறுத்திய கார்களை இழுத்துப்போகும் டோயிங் கம்பெனி ஆள். அவர்கள் வருவதே அந்த நேரத்தில்தான், அப்படித்தான் வருவார்கள். இரண்டு பேரும் கால்மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் அங்கேயே பணம் கட்டி காரை இறக்கினார்கள். நான் மேலே இருட்டில் கையில் 15 தோட்டாவோடு நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

சிரிப்பாக முடிந்தது. எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. 1994-இல் இதே ஹூஸ்டனில், தவணை கட்டாத ட்ரக்கை எடுத்துப் போக ராத்திரியில் வந்த கடன் கம்பெனி ஆளை, ட்ரக் சொந்தக்காரர் திருடன் என்று நினைத்துச் சுட்டார். வந்தவர் செத்துப்போனார். அவர் தன் வேலையைச் செய்ய வந்தவர். "இரவுத் திருட்டு" பிரிவின் நிழலில் வழக்கும் இல்லாமல் போனது. சொந்த வண்டி விஷயத்திலேயே ஆளை இப்படித் தப்பாக எடைபோட முடிகிறது என்றால், அடுத்தவர் வண்டிக்கு?

ஜார்ஜியா மாநிலத்தில் 2020 பிப்ரவரி 23 அன்று நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கட்டி முடிக்காத ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிக்கொண்டிருந்த 25 வயது கறுப்பின இளைஞர் அஹ்மத் ஆர்பரியை, அந்தப் பக்கம் நடந்த திருட்டுகளுக்குக் காரணம் இவன்தான் என்று மூன்று பேர் ட்ரக்கில் துரத்தினார்கள். ஒருவன் ஷாட்கனால் சுட்டுக் கொன்றான். அவர் எதையும் எடுத்திருக்கவில்லை. மூன்று பேருக்கும் ஆயுள் தண்டனை. அவர்கள் துணைக்கு இழுத்தது 1863-இல் எழுதிய "குடிமகன் கைது" சட்டம்; 2021-இல் அந்த மாநிலம் அதையே ரத்து செய்தது. இதில் இனவெறிக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த வெறி ஏறி உட்கார இடம் கொடுத்தது "எனக்குத் தெரியும், இவன் திருடன்" என்கிற நிச்சயம். நம் தோல் நிறத்தில் இருக்கிறவர்கள் இந்த நாட்டில் அந்த நிச்சயத்தின் இரண்டு முனையிலும் நிற்கலாம். ராத்திரியில் குல்லா போட்டுக்கொண்டு நம் பையன்களும்தானே நடக்கிறார்கள்?

அடுத்து தோட்டா.

லைசென்ஸுக்கு நீங்கள் சுட்டிருப்பீர்களே, 50 தோட்டா. 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 மார்க், 175 எடுத்தால் பாஸ். அசையாத காகிதம், நல்ல வெளிச்சம், காதில் சத்தத்தைத் தடுக்கும் மப், பின்னால் மண்மேடு. காகிதம் திருப்பிச் சுடாது. என்னிடம் வரும் பையன்கள் 240 எடுத்துவிட்டு தங்களை என்னவோ நினைத்துக்கொள்வார்கள். அவர்களை 20 தடவை உட்கார்ந்து எழச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க வாங்க சுடச் சொல்வேன். காகிதத்தில் ஓட்டை எங்கெங்கோ போகும். பயத்தில் அது இன்னும் மோசம்.

இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் கதையைக் கேளுங்கள். நியூயார்க் போலீஸின் 1998 முதல் 2006 வரையான துப்பாக்கிச் சண்டைகளை ராண்ட் என்கிற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. எதிராளியும் சுடும் சண்டையில் போலீஸ் சுட்ட தோட்டாக்களில் 18 சதவீதம்தான் இலக்கில் பட்டிருந்தது. எதிராளி சுடாதபோதுகூட 30 சதவீதம். மிச்சம் எங்கே போகும்? 2012 ஆகஸ்ட் 24, எம்பயர் ஸ்டேட் கட்டிடத்துக்கு வெளியே கொலைகாரன் ஒருவனை இரண்டு போலீஸ்காரர்கள் 16 முறை சுட்டார்கள். அவன் செத்தான். போகிற வழியில் நின்ற 9 பேருக்குக் காயம். அத்தனையும் போலீஸ் தோட்டாவும் அதன் சிதறலும் பட்டு.

உங்கள் அபார்ட்மெண்ட் சுவரை ஒருமுறை தட்டிப் பாருங்கள். மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் ஜிப்சம் அட்டை அறைந்ததுதான் சுவர். 9 எம்எம் தோட்டா அதை ஒரு சுவராகவே மதிக்காது. ஒரு வீட்டில் புகுந்து அடுத்த வீட்டு வழியாக வெளியே வரும். மேலே இருந்து காருக்கு அடியில் படுத்திருப்பவனைச் சுட்டால் அது தார்த்தரையில் பட்டு எந்தப் பக்கம் சறுக்கும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எதிர் பிளாக்கின் கீழ்வீட்டில் தரைமட்டத்தில் கட்டில் போட்டு யாரோ தூங்குகிறார்கள்.

ஹூஸ்டனிலேயே 2015 செப்டம்பரில் ஒன்று நடந்தது. பெட்ரோல் பங்க்கில் இரண்டு பேர் ஒருவரிடம் இருந்து காரைப் பிடுங்கப் பார்க்க, அந்தப் பக்கம் வந்த ஒருவர் உதவி செய்வதாக நினைத்துச் சுட்டார். தோட்டா கார் சொந்தக்காரர் தலையில் பட்டது. நல்லவேளை, பிழைத்துவிட்டார். சுட்டவர் தரையில் கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். கொள்ளையர்களும் ஓடிவிட்டார்கள். இதில் யார் யாருக்கு என்ன உதவி செய்தார்கள்?

2022 பிப்ரவரி 14-இல் நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். ஏடிஎம்மில் வழிப்பறிக்கு ஆளான ஒருவர், கொள்ளையன் ஏறிவிட்டான் என்று நினைத்து ஒரு ட்ரக்கைப் பார்த்துச் சுட்டார். அது சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தின் ட்ரக். சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் இருந்த 9 வயதுப் பெண் குழந்தை செத்துப்போனது. சுட்டவர் மேல் வழக்குப் பதிய கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது. சட்டம் விட்டுவிட்டது, சரி. அந்த மனிதர் இப்போது எப்படித் தூங்குவார்?

டெக்சஸ் சட்டத்தில் 9.05 என்று ஒரு சிறிய பிரிவு இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. திருடனைச் சுட உங்களுக்கு நியாயம் இருந்தாலும், அதில் பொறுப்பில்லாமல் சம்பந்தமில்லாத ஒருவரைக் காயப்படுத்தினாலோ கொன்றாலோ, அந்த நியாயத்தை அந்த வழக்கில் நீங்கள் கேடயமாகப் பிடிக்க முடியாது என்கிறது அது. மேலே சொன்ன வழக்கில் விட்டார்கள் என்பதால் உங்கள் வழக்கிலும் விடுவார்கள் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

திருடனிடமும் துப்பாக்கி இருக்கலாம். இதையும் ஹூஸ்டனே காட்டியிருக்கிறது, அதுவும் உங்கள் கேள்வியில் வரும் அதே கன்வர்ட்டருக்காக. 2022 மார்ச் 31 அன்று ஹாரிஸ் கவுன்டி போலீஸ் அதிகாரி ஒருவர், பணியில் இல்லாத நேரத்தில், மனைவியோடு மளிகைக் கடைக்குப் போயிருந்தார். பார்க்கிங்கில் தன் ட்ரக்குக்கு அடியில் ஆட்கள் கன்வர்ட்டரை அறுப்பதைப் பார்த்துத் தடுக்கப் போனார். 20 வருடத்துக்கு மேல் அனுபவம், கையில் துப்பாக்கி, சுடவும் சுட்டார். இரண்டு பேருக்குக் காயம். அவர் உயிரிழந்தார். கன்வர்ட்டர் திருட்டுக்குத் தண்டனையைக் கூட்டி அடுத்த வருடம் டெக்சஸ் போட்ட சட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தத் திருடர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ஒருவன் அடியில் படுத்திருந்தால், ஒருவன் காரில் என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பான். நீங்கள் பார்ப்பது படுத்திருப்பவனை. உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த இன்னொருவன்.

அப்புறம் போலீஸ் வந்து சேரும். அவர்கள் கண்ணுக்கு, இருட்டில் துப்பாக்கியோடு நிற்கும் ஆள் துப்பாக்கியோடு நிற்கும் ஆள்தான். கொலராடோவின் அர்வாடாவில் 2021 ஜூன் 21 அன்று, போலீஸ்காரரைக் கொன்ற ஒருவனை ஒரு பொதுஜனம் துணிந்து சுட்டு வீழ்த்தினார். அடுத்து வந்த போலீஸ் அவரையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றது. அவர் செய்தது பொருளுக்காக இல்லை, உயிர்களைக் காப்பாற்ற. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கன்வர்ட்டருக்காக அந்த இடத்தில் போய் நிற்கலாமா என்பதுதான் கேள்வி.

பொருளுக்கு உயிரா என்கிற கேள்வி சட்டத்துக்கும் பழசு. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில், பெருங்குற்றம் செய்துவிட்டு ஓடுகிறவனைக் கொன்றாவது பிடிக்கலாம் என்று இருந்தது. பெருங்குற்றம் என்றால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அப்போது தூக்குதான். எப்படியும் சாகப்போகிறவன், ஓடும்போது செத்தால் என்ன என்ற கணக்கு. இன்றைக்குத் திருட்டுக்கு யாரும் தூக்கில் போடுவதில்லை. டெக்சஸில் 100 டாலருக்குக் குறைவான சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 500 டாலர் அபராதம், சிறையே கிடையாது. 2,500 முதல் 30,000 டாலர் வரைக்கும்கூட 180 நாள் முதல் 2 வருடம்தான். இந்தப் பொருத்தமின்மையைத்தான் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1985-இல் டென்னசி எதிர் கார்னர் வழக்கில் சுட்டிக்காட்டியது. 1974-இல் மெம்பிஸில் ஒரு 15 வயதுப் பையன் ஒரு வீட்டில் புகுந்து ஒரு பர்ஸும் 10 டாலரும் எடுத்திருந்தான். கம்பி வேலியில் ஏறும்போது போலீஸ்காரர் பின்தலையில் சுட்டார். பையனிடம் ஆயுதம் இல்லை என்று அவருக்கே ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்திருந்தது. சந்தேகப்படுகிறவர்கள் எல்லோரும் தப்புவதைவிடச் சாவதே மேல் என்று சொல்லிவிட முடியாது என்றது கோர்ட்.

அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்துவது போலீஸை, உங்களையும் என்னையும் இல்லை. அதனால் டெக்சஸில் ஒரு விசித்திரம். ஆயுதமில்லாமல் ஓடும் திருடனைப் பயிற்சி பெற்ற போலீஸ்காரர் சுட முடியாது. அதே ராத்திரியில், போன மாதம் லைசென்ஸ் எடுத்தவர் சட்டத்தைக் காட்டிச் சுட்டுப் பார்க்கலாம். இது சட்டம் உங்கள் மேல் வைத்த நம்பிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் சரிசெய்யாமல் விட்ட மூலை என்றுதான் தோன்றுகிறது. நம் ஊரிலேயே, 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 103ஆம் பிரிவாகட்டும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த சட்டத்தின் 41ஆம் பிரிவாகட்டும், சாதாரணத் திருட்டு என்றால் உயிருக்கோ படுகாயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் தவிர கொல்லும் உரிமை கிடையாது.

கண்ணில்லாத துப்பாக்கி பற்றி ஒரு வழக்கு உண்டு, அமெரிக்காவில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் படிப்பது. அயோவாவில் ஒரு தம்பதிக்கு ஆளில்லாத பழைய பண்ணைவீடு. அடிக்கடி திருட்டு. வெறுத்துப்போய் படுக்கையறையில் ஒரு ஷாட்கனைக் கட்டி, கதவுப்பிடிக்கும் ட்ரிகருக்கும் கம்பி இழுத்தார்கள். முதலில் வயிற்றுக்கு நேராக வைத்தார் கணவர். மனைவி சொன்னதால் காலுக்கு இறக்கினார். 1967 ஜூலையில் பழைய பாட்டில், ஜாடி பொறுக்க வந்தவன் கதவைத் திறந்தான், காலின் ஒரு பகுதியே போனது. திருட்டுக்கு அவனுக்குக் கிடைத்தது 50 டாலர் அபராதமும் நிறுத்திவைத்த தண்டனையும். அவன் போட்ட வழக்கில் இவர்கள் கட்ட வேண்டியது 30,000 டாலர். 1971-இல் அயோவா உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 120 ஏக்கரில் 80 ஏக்கரை விற்றார்கள். டெக்சஸில் சுட்டது நியாயம் என்றானால் சிவில் வழக்கில் பாதுகாப்பு உண்டு, அது வேறு விஷயம். எனக்கு இந்த வழக்கு பிடித்திருப்பதற்குக் காரணம் அந்தக் கம்பி. வருவது யார், எதற்கு வந்தான் என்று அதற்குத் தெரியாது, கதவு திறந்தால் சுடும். பால்கனியில் நின்ற என்னைவிட அது ரொம்ப மோசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"அப்படியானால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே, எல்லோரும் வேடிக்கை பார்க்கலாமா?" என்று கேட்பீர்கள். ரேஞ்சிலும் கேட்பார்கள். கோபம் நியாயம்தான். என் காரிலும் ஒருமுறை கண்ணாடியை உடைத்து லேப்டாப்பை எடுத்திருக்கிறார்கள், ஒரு வாரம் வயிறு எரிந்தது. மிச்சிகனின் ஆபர்ன் ஹில்ஸில் 2015 அக்டோபரில் இப்படித்தான் ஒரு பெண், கடையில் திருடிவிட்டு ஓடும் வண்டியைப் பார்க்கிங்கில் நின்று சுட்டார். டயரில் பட்டது, யாருக்கும் அடியில்லை, திருடர்களும் பிறகு பிடிபட்டார்கள். இதைவிட நன்றாக முடிய வாய்ப்பே இல்லை. அந்த நல்ல முடிவுக்கே 18 மாதம் நன்னடத்தைக் கண்காணிப்பும் லைசென்ஸ் பறிப்பும் கிடைத்தன. இனி யாருக்கும் உதவப் போவதில்லை என்று கோர்ட்டில் சொன்னார். பாவமாக இருந்தது. ஆனால் கடைக்காரர்கள் தங்கள் ஊழியர்களிடமே துரத்தாதே என்றுதான் சொல்லிவைக்கிறார்கள். கடையே விட்டுக்கொடுத்த சரக்குக்காக ஆட்கள் நடமாடும் பார்க்கிங்கில் சுட்டிருக்கிறார்.

சுடுவதற்கும் வேடிக்கை பார்ப்பதற்கும் நடுவில் செய்ய நிறைய இருக்கிறது. வீட்டுக்குள் இருந்தபடியே 911. பிளாக் எண், எத்தனை பேர், காத்திருக்கும் வண்டியின் நிறம், நம்பர் பிளேட்டில் கண்ணில் பட்ட நான்கு எழுத்து, எந்த கேட் வழியாகப் போனார்கள். போலீஸுக்கு உங்கள் தோட்டாவைவிட இது உபயோகம். லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக வீடியோ எடுங்கள், ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம். உங்கள் கார் சாவியில் சிவப்பு பட்டன் இருக்கிறதே, அதை அழுத்துங்கள். பார்க்கிங்கே அலறும். ரம்பத்தோடு படுத்திருப்பவனுக்கு அது போதும். பக்கத்து வீட்டுக்காரருக்கு போன் செய்து, இறங்காதே என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் விஷயத்தைச் சொல்லுங்கள்.

அவர் கேட்காமல் இறங்கி, அடியில் இருந்தவன் எழுந்து அவர்மேல் பாய்கிறான், அல்லது துப்பாக்கியை நீட்டுகிறான் என்றால் கதை வேறு. அது இன்னொருவரின் உயிரைக் காப்பது. அதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. கன்வர்ட்டர் அங்கே பேச்சிலேயே இல்லை. அந்த நொடி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதற்குத்தான் பயிற்சி, அதற்குத்தான் அந்தத் துப்பாக்கி.

அந்தக் கார் பிரியஸா? ஹைப்ரிட் வண்டி என்றால் மறுபடியும் வருவான். அதன் கன்வர்ட்டரில் பல்லேடியமும் ரோடியமும் அதிகம் தங்கியிருக்கும், விலை போகும். சைலன்சர் வேலை பார்க்கும் மப்ளர் கடையில் கன்வர்ட்டருக்கு அடியில் ஒரு உலோகத் தகடு பொருத்தித் தருவார்கள். வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்னையும் கன்வர்ட்டர் மேலேயே பொறிக்கச் சொல்லலாம். இந்த வாரமே போகச் சொல்லுங்கள். தகடு பொருத்தும்வரை வண்டியைச் சுவரோடு ஒட்டி, லைட் கம்பத்துக்கு அடியில் நிறுத்தட்டும்.